எந்தக் கூடலூர்? பிளைவுட்டைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த வழக்கு

உத்தமபாளையத்தில் பழைய வீடு இடிக்கும்போது பாருங்க, தேக்கு நிலைக்கும் கதவுக்கும் தனி விலை பேசுவாங்க. புது வீட்டு அலமாரிக்கோ பிளைவுட்தான். காசு மட்டுமா காரணம்? ஒரு வழக்கும் இருக்கு.

முதல்ல, பிளைவுட்னா என்ன? மரத்தடியைச் சுழலவிட்டு, பென்சில் சீவுற மாதிரி மெல்லிய தாளா உரிப்பாங்க. ஒரு தாளின் நார் நெடுக்குல, அடுத்தது குறுக்குல வச்சு, பசை போட்டு அழுத்துவாங்க. அதனால பலகை ரொம்ப விரியாது, சுருங்காது. சில வருஷத்துல வளர்ற மரமே இதுக்குப் போதும். ஆனா நம்ம நாட்டுல இந்தத் தொழில் வளர்ந்தது அஸ்ஸாம் பக்கம், தேயிலைப் பெட்டிக்காக. மரம் வந்தது காட்டிலிருந்து.

1995-ல் கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். கூடலூர்ல காடு அழியுதுன்னு வழக்கு. கம்பத்துக்கு அடுத்த நம்ம கூடலூர் இல்லீங்க, நீலகிரி கூடலூர்! 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு நாட்டையே தொட்டுச்சு. அருணாசலப் பிரதேச எல்லையை ஒட்டி அஸ்ஸாமில் இருந்த பிளைவுட் ஆலைகளையும் மூடச் சொன்னாங்க. பிழைப்பு போனவங்க நிறைய, அதையும் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்குத் தனியா ஒரு நிபந்தனை. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்கள்ல நிழல் மரம் வெட்டணும்னா, அது நட்டு வளர்த்த மரமா இருக்கணும். தானா முளைச்சதைத் தொடக்கூடாது. மேகமலை ஏறும்போது தேயிலைக்கு நடுவுல நெடுநெடுன்னு நிக்கிற சில்வர் ஓக், நட்டு வளர்த்த வகை. பிளைவுட்டுக்கும் போகும்.

காட்டு மரம் அருகினதும் நட்ட மரத்துக்கு மவுசு கூடிச்சு. யமுனாநகர்ல பாப்லர், பெரும்பாவூர்ல ரப்பர். இங்கே மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பை விவசாயிகள்கிட்ட கொண்டுபோச்சு.

அரசும் சுத்தி வந்துச்சு. காட்டைக் காக்க 1993-ல் தன் கட்டடங்கள்ல மரமே வேண்டாம்னு சொன்ன மத்திய பொதுப்பணித் துறை, 2020-ல் அந்தத் தடையை எடுத்துருச்சு. சிமென்ட்டும் இரும்பும் தயாராகும்போது கரியமில வாயுவைக் கக்கும். மரம் வளரும்போதே கரியைப் பிடிச்சு வைக்கும்.

ஆனா பசையைப் பத்தி யாரும் பேசுறதில்ல. மலிவு பலகையில பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. அந்த வாயு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதனால கடையில தடிமனை மட்டும் கேட்காதீங்க. ‘ஈ1’-ஆ, ‘ஈ0’-வா, எந்த மரம்னும் கேளுங்க.