ஒட்டுண்ணி ஒன்று, மரபு வகைகள் பல

உலக மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரின் உடலில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தங்கியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பூனையின் மலத்தால் மாசடைந்த மண், நீர் ஆகியவற்றின் மூலமும், சரியாக வேகாத இறைச்சியின் மூலமும் இது மனிதருக்குத் தொற்றுகிறது. பெரும்பாலானோருக்கு நோய் அறிகுறிகள் தெரிவதில்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால், கருவிலுள்ள சிசுவின் மூளையும் கண்களும் பாதிக்கப்படக் கூடும்.

1908ஆம் ஆண்டு துனிஸ் நகரிலும் பிரேசிலிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட இந்த ஒட்டுண்ணி ஒரே இனம்தான். எனினும் அதன் மரபு வகைகள் பல. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மூன்று வகைகளே மேலோங்கியிருப்பது 1990களில் தெரியவந்தது. அவற்றுள் முதல் வகையின் ஒரேயொரு கிருமி ஆய்வக எலியைக் கொன்றுவிடும். ஐரோப்பிய நோயாளிகளிடம் பெரிதும் காணப்படும் இரண்டாம் வகை அவ்வளவு கொடியதல்ல. ஒட்டுண்ணி சுரக்கும் சில புரதங்களிடையே உள்ள வேறுபாடே இதற்கு முக்கியக் காரணம்.

தென் அமெரிக்காவில் மரபு வகைகள் மிகுதி. பிரேசிலில் கண் பாதிப்பு ஐரோப்பாவில் இருப்பதைவிட அதிகமாகவும் கடுமையாகவும் காணப்படுகிறது. பிரெஞ்சு கயானா எல்லையை ஒட்டிய சுரினாம் நாட்டுச் சிற்றூரான பட்டாமில், 2003ஆம் ஆண்டின் இறுதியிலும் 2004ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் 11 பேர் பாதிக்கப்பட்டனர். நோய் எதிர்ப்பு சக்தி குன்றாத பெரியவர் ஒருவர், பிறந்த சிசு ஒன்று, கருவிலிருந்த சிசு ஒன்று என மூன்று உயிர்கள் பறிபோயின. மழைக்காட்டில் ஜாகுவார் போன்ற காட்டு விலங்குகளுக்கும் அவற்றின் இரைகளுக்கும் இடையே சுற்றிவரும் வகைகளுக்கு மனித உடல் பழக்கப்படாததே இக்கடுமைக்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

வழக்கமான இரத்தப் பரிசோதனை, தொற்று ஏற்பட்டதா என்பதை மட்டுமே காட்டும்; எந்த வகை என்பதைக் காட்டாது. ஒருமுறை தொற்றியவருக்கு மீண்டும் ஆபத்தில்லை என்ற கருத்தும் முழுமையானதல்ல. ஏற்கனவே எதிர்ப்பு சக்தி பெற்றிருந்த கர்ப்பிணி ஒருவருக்கு வேறொரு மரபு வகை தொற்றி, அவரது சிசுவும் பாதிக்கப்பட்டதாக பிரான்ஸ் மருத்துவர்கள் 2009ஆம் ஆண்டு பதிவு செய்தனர்.

மனிதருக்கான தடுப்பூசி இதுவரை இல்லை. இறைச்சியை நன்கு வேகவைப்பதும், காய்கறிகளையும் கைகளையும் கழுவுவதும் எல்லா வகைகளுக்கும் பொருந்தும் பாதுகாப்பு. ஆனால் நோய் கண்டபின், நோயாளி எங்கு வசித்தார், எங்கு பயணம் செய்தார் என்ற கேள்வியும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அமைய வேண்டும்.