கோட்டுக்கு வெளியே நின்ற புள்ளி

"மலருக்கு ஏதாவது எழுதித் தாப்பா" என்று சங்கத்திலிருந்து கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது நம் இயற்பியல் லேப்தான். ஒரு ரீடிங் கிராஃபில் ஒட்டவே இல்லை. ரப்பரால் அழித்துவிட்டு, கோட்டின் மேலேயே அழகாக ஒரு புள்ளி வைத்தேன். முழு மார்க்! அந்த உறுத்தலோடுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

1934-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வகம். ரூதர்ஃபோர்டு, ஒலிஃபன்ட், ஹார்டெக் மூவரும் கன ஹைட்ரஜனோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். அதன் அணுக்கருவுக்கு டியூட்ரான் என்று பெயர். உள்ளே ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான், அவ்வளவுதான். கன ஹைட்ரஜன் கலந்த அம்மோனியச் சேர்மத்தின் மேல் டியூட்ரான்களையே மோதவிட்டார்கள்.

இரண்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை. நெருங்க நெருங்க ஒன்றையொன்று விலக்கும். பழைய கணக்குப்படி குறைந்த வேகத்தில் மோதினால் ஒட்டவே கூடாது. ஆனால் விலக்குச் சுவரை ஏறித் தாண்டாமல் ஊடுருவிப் போகவும் துகளுக்குச் சிறு வாய்ப்பு உண்டு என்று காமோவ் 1928-லேயே காட்டியிருந்தார். அதனால்தான் ஒரு லட்சம் வோல்ட் அளவிலேயே டியூட்ரான்கள் வினைபுரிந்தன. அதுவும் எக்கச்சக்கமாக!

வெளியே வந்தவற்றில் காற்றில் சுமார் 14 செ.மீ. பாயும் புரோட்டான்கள் இருந்தன. கூடவே, அதே எண்ணிக்கையில் 1.6 செ.மீ.கூடத் தாண்டாத குட்டித் துகள்கள். போதாததற்கு நியூட்ரான்கள் வேறு. 'ஏதோ கருவிக் கோளாறு' என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. கணக்குப் பார்த்தார்கள். ஒரு டியூட்ரான் தன் நியூட்ரானை மற்றதற்குக் கொடுத்தால் ஹைட்ரஜன்-3 பிறக்கும், புரோட்டான் மிஞ்சும். புரோட்டானைக் கொடுத்தால் ஹீலியம்-3 பிறக்கும், நியூட்ரான் மிஞ்சும். ஹீலியம்-3 என்ற யோசனை உதித்ததும் ரூதர்ஃபோர்டு விடியற்காலை மூன்று மணிக்கே ஒலிஃபன்டைத் தொலைபேசியில் எழுப்பினாராம்! ஒரே மோதலில் இரண்டு புதிய அணுக்கருக்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹைட்ரஜன்-3 நிலையானது என்றே ரூதர்ஃபோர்டு நம்பினார். கனநீரில் அதைத் தேடினார், கிடைக்கவில்லை. 1937-இல் காலமானார். 1939-இல் அல்வரெஸும் கார்னாகும் உண்மையைக் கண்டார்கள்: நிலையானது ஹீலியம்-3தான், ஹைட்ரஜன்-3 கதிரியக்கம் உள்ளது. அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். டிரிட்டியம் என்ற பெயரில் இன்று அணுக்கரு இணைவு ஆய்வுகளுக்கு முக்கிய எரிபொருளே அதுதான்.

அத்தனை பெரிய மேதையே ஒன்றைச் சரியாகவும் ஒன்றைத் தப்பாகவும் ஊகித்திருக்கிறார். ஆனால் ரீடிங்கை மட்டும் அழிக்கவில்லை. இப்போது தொழிற்சாலையில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அந்த ரப்பர் என் கண்முன் வந்து நிற்கிறது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, ஒட்டாத புள்ளியை அழிச்சிடாதீங்க. சுத்தி ஒரு வட்டம் போட்டு வையுங்க. மார்க் குறைஞ்சா குறையட்டும்!