வானூர்தித் திரைப்படங்களின் குற்றம்: எட்டயபுரத்துக் கவிஞரால் பெயர்பெற்ற இரு படங்களை முன்வைத்து

1

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசற்காட்டை வானம் பார்த்த பூமி என்பர் உழவர். ஆற்றுப் பாசனம் அறியாத அந்நிலத்தில் பருத்தியும் கம்பும் உளுந்தும் மழையை நம்பியே விளைகின்றன. அம்மண்ணில், எட்டயபுரத்தில், 1882ஆம் ஆண்டு பிறந்தவர் பாரதியார். வானூர்தியைப் பொருளாகக் கொண்டு அண்மையில் தமிழில் எழுந்த பெரும் படங்கள் இரண்டும் அவர் வாக்கிலிருந்தே பெயர் பெற்றன. மணிரத்தினம் இயக்கிய ‘காற்று வெளியிடை’ (2017) கண்ணம்மாவை விளித்துப் பாடிய காதற் பாட்டொன்றின் முதற் சொற்களைத் தலைப்பாகக் கொண்டது. சுதா கொங்கரா இயக்கிய ‘சூரரைப் போற்று’ (2020) புதிய ஆத்திசூடியிலிருந்து பெயர் பெற்றது.

இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்தது எனக் கொள்ளினும், ஆராய்ச்சியாளர்க்கு ஒரு வினாவை எழுப்புகின்றது. பறத்தலைப் பற்றிய படம் எதனாற் சிறக்கும்? எதனாற் கெடும்? வானூர்திப் படங்களுள் மிகத் தாழ்ந்தவை எவை என்று உலகெங்கும் சுவைஞர் பட்டியலிட்டு மகிழ்வர். பட்டியலிடுதல் எளிது, குற்றத்தின் இயல்பை வரையறுத்தலே அரிது. அதனை வரையறுக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

வரையறைக்கு வேண்டும் அளவுகோலைத் தமிழிலக்கியமே நமக்குத் தருகின்றது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் மயிற்பொறி ஒன்று வருகின்றது. சச்சந்தன் அதனைச் செய்வித்து, விசயைக்கு இயக்கும் முறையையும் பயிற்றுகின்றான். வலப்புறம் திரித்தால் எழும். இடப்புறம் திரித்தால் இறங்கும் என்பது அப்பொறியின் விதி. கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகையுற, கருவுற்ற விசயை அப்பொறியில் ஏறித் தப்புகின்றாள். பகைவனது வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கவே, பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. சீவகன் அங்கே பிறக்கின்றான்.

மயிற்பொறி முழுதும் கற்பனையே. எனினும் கற்பவர் எவரும் அதனைக் குறை கூறுவதில்லை. காரணம் யாது? புலவர் முதலில் ஒரு விதியை நாட்டுகின்றார். பின்னர் அவ்விதி வழியாகவே துன்பத்தை விளைவிக்கின்றார். இயக்குபவள் உணர்விழந்தால் பொறி தானாக அரண்மனை சேராது. அந்த உறுதிப்பாடே அவலத்தை அவலமாக்குகின்றது. எனவே புனைந்து கூறல் குற்றமன்று. தான் நாட்டிய விதியைத் தானே மீறுதல் குற்றம் என யாம் கொள்கின்றோம். 1957ஆம் ஆண்டின் ‘மாயாபசார்’ போன்ற புராணப் படங்களில் மாயங்கள் மலிந்திருந்தும் அவற்றை எவரும் பழியாமைக்கும் இதுவே காரணம். அங்கே மாயமே விதி.

3

இவ்வளவுகோலைக் கொண்டு மேலை நாட்டுப் படமொன்றை முதலில் நோக்குவோம். 1979இல் வெளிவந்த, கான்கார்டு வானூர்தியை நடுவாகக் கொண்ட ‘ஏர்போர்ட்’ வரிசைப் படம் இத்துறையின் இழிந்த படங்களுள் ஒன்றாக இன்றும் சுட்டப்படுகின்றது. ஒலியினும் இருமடங்கு விரைந்து செல்லவல்ல ஊர்தி அது. அதனை ஏவுகணை துரத்துகின்றது. விமானி பலகணியைத் திறந்து, கையை வெளியே நீட்டி, ஒளிவேட்டுத் துப்பாக்கியால் சுட்டு அதனைத் திசைதிருப்புகின்றார்.

இங்கே நகைப்புக்குக் காரணம் அறிவியற் பிழை மட்டுமன்று. ஊர்தியின் விரைவே அப்படத்தின் பெருமை. காண்போர் வந்ததும் அது கருதியே. அவ்விரைவு மெய்யாயின் பலகணியில் கை நீளாது. கை நீளுமாயின் அவ்விரைவு பொய். படம் தன் முதற்பொருளையே தான் மறுத்துவிடுகின்றது. ஆபத்தை விதி கொணர்ந்தது. மீட்பை விதியின்மை கொணர்ந்தது. இதனை முதற்குற்றம் என்க.

4

இரண்டாம் குற்றம் இதனினும் கொடிது. 2015ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த ‘ஹவாய்சாதா’ என்னும் இந்திப் படம், பம்பாயைச் சேர்ந்த சிவ்கர் பாபுசி தல்படே 1895இல் வானூர்தி பறக்கவிட்டார் என்னும் செவிவழி வழக்கை எடுத்துக்கொண்டு, பழைய வடமொழி அறிவே அதற்கு அடிப்படை எனக் காட்டியது. ரைட் உடன்பிறந்தார் 1903 திசம்பர் 17இல் பறந்ததற்கு எட்டாண்டு முற்பட்ட செயலாக அது கூறப்படுகின்றது.

இவ்வழக்குக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது ‘வைமானிக சாத்திரம்’ என்னும் நூல். அதனைச் சுப்பராய சாத்திரியார் வாய்மொழியாகச் சொல்ல, 1918 முதல் 1923 வரையில் எழுதினர். 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா முதலிய ஐவர் அதனை ஆராய்ந்தனர். நூலின் மொழி 1904ஆம் ஆண்டுக்கு முற்பட்டதன்று என்றும், அதிற் கூறப்பட்ட ஊர்திகள் பறக்கும் தகுதியற்றவை என்றும் அவர்கள் முடிவு கண்டனர். 1923க்குள் எழுத்து வடிவம் பெற்ற நூல் 1895ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குச் சான்றாகாது என்பது வரலாறு கற்கும் மாணவரும் அறிவது.

தல்படேயின் வேட்கையைப் பழிப்பது எம் கருத்தன்று. அடிமை நாட்டில் ஒருவர் வானை விரும்பினார் என்பதே பெருங்கதைக்குப் போதிய பொருள். முயன்று தோற்ற மனிதராக அவரைக் காட்டியிருப்பின் படம் உயர்ந்திருக்கும். வென்றார் எனக் காட்டவே, அவர்தம் உழைப்பும் ஐயமும் தோல்வியும் பொருளற்றுப் போயின. பெருமை தேடி வரலாற்றை வளைப்பவர், யாருக்குப் பெருமை தேடினரோ அவரையே சிறுமைப்படுத்துகின்றனர்.

5

இனிப் பாரதியார் வாக்கால் பெயர்பெற்ற முதற்படத்துக்கு வருவோம். ‘காற்று வெளியிடை’யைத் தாழ்ந்த படங்களுள் அடக்குதல் முறையன்று. தன்னலமும் முன்சினமும் உடைய விமானி ஒருவன் ஒரு பெண்ணின் அன்பை எவ்வாறு சிதைக்கின்றான் என்பதை அது அஞ்சாது காட்டுகின்றது. ஆயினும் அதன் வான்பகுதி வலுவிழந்து நிற்கின்றது. 1999 கார்கில் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட அவன் இராவல்பிண்டிச் சிறையிலிருந்து தப்பி ஆப்கானிய எல்லையை நோக்கி ஓடுகின்றான்.

கார்கில் போரில் உயிருடன் சிறைப்பட்ட இந்திய விமானி நச்சிகேதா ஒருவரே. 1999 மே 27இல் அகப்பட்ட அவர் சூன் 3இல் விடுதலை பெற்றார். இராவல்பிண்டி முகாமிலிருந்து தப்பும் நிகழ்ச்சியோ 1971 போருக்குரியது. பருல்கர், கிரேவால், சின்ஹ்சி என்னும் மூவர் 1972 ஆகத்தில் சுவர் துளைத்து வெளியேறி, ஆப்கானிய எல்லைக்கு மிக அருகில் லண்டி கோட்டலில் பிடிபட்டனர். தொடர்வண்டி நிலையம் என்ற நிலையில் நெடுங்காலத்துக்கு முன்பே வழக்கொழிந்த லண்டி கானாவுக்கு அவர்கள் வழி வினவியதே ஐயத்துக்கு வித்தாயிற்று.

ஓர் ஊர்ப்பெயரால் மூவர் விடுதலை தவறிப்போயிற்று. எத்துணைப் பெரிய அவலம்! அந்நிகழ்ச்சியை 27 ஆண்டு தள்ளிக் கார்கிலில் வைத்த படம், அதன் உயிரான அந்நுணுக்கத்தை விடுத்து ஓட்டத்தையும் துரத்தலையும் மேற்கொண்டது. காலத்தை மாற்றியது மன்னிக்கத்தக்கது. நிகழ்ச்சியை இயக்கிய காரணத்தை இழந்ததே குறை. சிறையும் தப்புதலும் காதலனைத் திருத்துதற்கு அமைந்த ஒப்பனையாகவே நின்றுவிட்டன. பறத்தல் கதைக்கு அணியாக மட்டும் நிற்பதை மூன்றாம் குற்றம் எனலாம்.

6

‘சூரரைப் போற்று’ம் வரலாற்றை அப்படியே தரவில்லை. அதற்கு மூலமானவர் கருநாடகத்துக் கொரூரைச் சேர்ந்த கோபிநாத், தரைப்படையில் பணியாற்றியவர், 2003இல் ஏர் டெக்கான் வான்பணியைத் தொடங்கியவர். படத்தின் நெடுமாறனோ சோழவந்தானைச் சேர்ந்தவன், வான்படையில் இருந்தவன். ஏர் டெக்கான் பின்னர் வேறு நிறுவனத்தின் கைப்பட்டுப் பெயரிழந்த வரலாற்றைச் சொல்லாது வெற்றியோடு படம் முடிகின்றது. இது குறையே.

எனினும் இப்படத்தின் வானூர்தி விதிக்குட்பட்டே எழுகின்றது. உரிமம், எரிபொருள், கடன், இருக்கை ஒன்றின் விலை ஆகியவை அவ்விதிகள். இறக்கும் தறுவாயிலுள்ள தந்தையைக் காண விரும்பும் மகன், பயணச் சீட்டுக்குக் குறையும் பணத்தை நிலையத்தில் அயலாரிடம் இரந்து நிற்கின்றான். விசயையின் மயக்கம் மயிற்பொறியை இறக்கியது போல, இங்கே பணமின்மை ஒருவனைத் தரையில் நிறுத்துகின்றது. பிற்பகுதியில் அவன் விலையைக் குறைக்கப் போராடுவதெல்லாம் அவ்வொரு காட்சியிலிருந்தே பிறக்கின்றது. ஊரும் பணியும் மாறினும் காரணம் மாறவில்லை. ஆதலின் இம்மாற்றம் திரிபு ஆகாது, புனைவே ஆகும்.

கரிசல் மக்கள் இதனை உணர்தல் எளிது. மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடித் தொலைவு சென்றோர் இல்லாத சிற்றூர் இங்கு அரிது. வீட்டிலிருந்து இறப்புச் செய்தி வந்தால் அவர்க்கு எழும் முதற்கேள்வியும் பயணச் செலவே.

7

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவன மூன்று. தான் நாட்டிய விதியை இடர்ப்பாட்டில் கைவிடும் படம் நகைப்புக்குரியதாகும். பறத்தலை வெற்றணியாக்கும் படம் வலுவிழக்கும். நிகழாத பறத்தலை நிகழ்ந்ததெனச் சாதிக்கும் படமே யாவற்றினும் தாழ்ந்தது. முன்னிரண்டும் கலைக்குற்றங்கள், மூன்றாவது அறிவுக்கும் குற்றம்.

இவ்வேறுபாடு இந்நிலத்துக்கு வெறும் சுவையாராய்ச்சி அன்று. கோவில்பட்டியை அடுத்த நாலாட்டின்புத்தூர்ப் பகுதியில் ஆலை நிறுவனம் ஒன்றுக்குரிய ஓடுபாதை உள்ளது. அங்கே விமானி பயிற்சி நிலையம் அமைக்கத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் திட்டமிட்டது. தூத்துக்குடி வானூர்தி நிலையத்தின் புதிய முனையம் 2025 சூலையில் திறக்கப்பெற்றது. மழைக்காக வானம் பார்த்த குடியிற் பிறந்தோர் தொழிலுக்காகவும் வானம் பார்க்கும் காலம் அணுகுகின்றது. முன்னோர் முன்னமே பறந்துவிட்டனர் என்னும் பொய்ப்பெருமை அவர்க்கு உதவாது. காற்றின் விதியும் கணக்கும் கற்றலே உதவும். சூரரைப் போற்றச் சொன்ன கவிஞர் அதே நூலில் வானநூல் பயிலவும் சொன்னார். முன்னதைத் திரைப்படம் தலைப்பாக எடுத்துக்கொண்டது. பின்னதை மேற்கொள்ள வேண்டியது கற்போர் கடன் என்பது எம் துணிபு.