விலகிய காரணம்: இந்தியா

நூற்றாண்டு மலருக்காகப் பழைய மாணவியரின் பெயர்களைத் திரட்டும் பணி எங்கள் வகுப்பினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரையான சேர்விடாப்புகளைப் புரட்டியபோது, விலகிய காரணம் எழுதும் நிரலில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: இந்தியா. சிலர் ஆறாம் வகுப்பில் விலகியிருந்தனர். சிலர் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில். ஓரிடத்தில் சகோதரிகள் மூவரின் பெயர்களும் ஒரே நாளில் நீக்கப்பட்டிருந்தன.

இவர்கள் ஏன் போனார்கள் என்பதை இளைய மாணவியர் அறிய வேண்டும்.

1931இல் டொனமூர் அரசியல் திட்டம் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. நிபந்தனைகளுடனேனும் தோட்டத் தொழிலாளரும் அதைப் பெற்றனர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். புசல்லாவையில் சரஸ்வதி பாடசாலையை நிறுவிய கே. இராஜலிங்கம் அவர்களுள் ஒருவர்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்த தந்தைக்குச் சான்றிதழ் எங்கே தேடுவது? தாய் இந்த மண்ணில் பிறந்தவர் என்பது கணக்கிலேயே வரவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுமூலப் பிரஜாவுரிமைக்கு ஒரு வழி திறந்தது. விண்ணப்பித்தவர்கள் எட்டு இலட்சத்துக்கும் அதிகம். கிடைத்தது சுமார் 134,000 பேருக்கே. வாக்குரிமையும் பறிபோனது.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானபோது எமது மாணவியரும் பெருமைப்பட்டார்கள் என்று மூத்தோர் சொல்வர். அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் 1964 ஒக்டோபர் 30இல் செய்த ஒப்பந்தம் அதே மாணவியரின் வீடுகளைப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டன. சம்பந்தப்பட்ட மக்களிடம் எவரும் கேட்கவில்லை.

கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் முன் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் காத்து நின்றதை எங்கள் அம்மாமார் பாடசாலை செல்லும் வழியில் கண்டிருக்கிறார்கள். சில நாட்களில் அந்த வரிசையில் வகுப்புத் தோழியும் நின்றாள். தலைமன்னார் சென்று கப்பலேற வேண்டியவர்களை ஏற்றிய புகையிரதத்தை எங்கள் வீடுகளில் 'அழுகைக் கோச்சி' என்றே சொன்னார்கள்.

போகாதவர்களுக்கும் அமைதி கிட்டவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977, 1981, 1983 என வன்செயல்கள் தொடர்ந்தன. 1983 ஜூலையில் கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அன்று எங்களில் சிலருடைய வீட்டாரைத் தம் அறைகளில் ஒளித்துக் காத்தவர்கள் அயலிலிருந்த சிங்களக் குடும்பத்தினர் என்பதையும் இங்கே பதிகிறோம். இருக்க நினைத்த பலர் அதன்பின் போகத் துணிந்தனர். 1984இல் கப்பலும் நின்றது.

நாங்கள் அந்தக் காலத்தின் கடைசிப் பிள்ளைகள். சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கப்பட்டபோது, தகப்பனாரின் பத்திரங்களைத் தேடி அலைந்த தோழியர் எம்மிடையே இருந்தனர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே நாடற்றோர் என்ற நிலையை ஒருவாறு முடித்துவைத்தன.

இன்று மருத்துவர்களாகப் பணியாற்றும் நாங்கள், பிள்ளை பெற்று வீடு திரும்பும் தோட்டத்துத் தாயிடம் ஒன்றை மறவாமல் சொல்கிறோம்: "பிள்ளையைப் பதிஞ்சிருங்கம்மா. பேர் எழுத்து சரியான்னும் பாத்துக்கங்க." தடுப்பூசி அட்டைக்கு நிகராக அந்தக் கடதாசியை நாங்கள் மதிப்பதற்குக் காரணம் இந்த இடாப்புகள்தாம்.

நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அவர்களில் பலர் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலை செய்தார்கள். அங்கே அவர்கள் 'சிலோன்காரர்கள்'. இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்!

எமது சங்கத்துக்கோ அவர்கள் பழைய மாணவியர். இடாப்பில் கிடைத்த அவர்களின் பெயர்கள் அனைத்தையும் அந்தந்த வகுப்புடனேயே சங்கத்தின் பெயர்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். இவர்களில் எவரையேனும் அறிந்தோர், அருள்கூர்ந்து சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். மலரின் ஒரு பிரதி அவர்களுக்காகக் காத்திருக்கிறது.