ஏணியும் தேர்வும்: தமிழகத் தொடக்கப் பள்ளியில் மதிப்பீடு கடந்து வந்த வழி

தமிழகத் தொடக்கக் கல்வியின் வரலாற்றைப் பெரும்பாலும் பாடநூல்களின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். பிள்ளை கற்றதா என்று சோதித்தவர் யார், சோதனையின் முடிவு யார் கைக்குப் போனது என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. பாடத்திட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்ததும் இந்தக் கேள்விகளுக்கு அந்தந்தக் காலம் தந்த விடைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளில் வகுப்புகள் இல்லை. மணலில் அரிச்சுவடி எழுதிப் பழகிய பிள்ளை பிறகு ஓலைக்கு மாறும். கணக்குக்குப் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி எனத் தனித்தனிச் சுவடிகள் இருந்தன. முந்திரி, காணி, மா போன்ற பின்னங்களும் நெல் அளவைகளும் அவற்றில் அடக்கம்; ஊருக்கு வேண்டிய கணக்கு அதுதானே. ஒரு சுவடியைத் தடங்கலில்லாமல் ஒப்பித்த பிறகே அடுத்த சுவடி. ஒப்பிப்பதைக் கேட்க ஆசிரியருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். கற்பதும் சோதிப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்களாக இருந்தன. இதை ஏக்கத்தோடு பார்க்க வேண்டியதில்லை: பிரம்பும் இருந்தது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமும் இல்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு மானியம் வந்தது, கூடவே பள்ளி ஆய்வாளரும் வந்தார். இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த முறையை ஒட்டி, தேர்ச்சிக்கேற்ற மானியம் சென்னை மாகாணத்திலும் வேரூன்றியது. ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர்களின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் வரும். ஆசிரியரின் வருமானமே ஒரு நாள் சோதனையில் தொங்கியபோது, அந்த நாளில் கேட்கப்படக்கூடியவையே பாடமாயின. பிள்ளைக்கென்று இருந்த வேகம் போய் எல்லோருக்கும் பொதுவான தரநிலை வந்தது. பின்னாளில் இந்த மானிய முறை மறைந்தாலும் ஆண்டுத் தேர்வு என்ற அதன் எலும்புக்கூடு நிலைத்துவிட்டது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்து 1954இல் காமராசர் கைவிட்ட கல்வித் திட்டத்தின் மீதான விவாதம்கூடத் தேர்வைச் சுற்றியல்ல, பள்ளி நேரத்தையும் குலத்தொழிலையும் சுற்றியே நடந்தது.

உண்மையான உடைப்பு 2003இல் நேர்ந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையைத் தழுவி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பாடத்திட்டம் சிறுசிறு படிகளாக வெட்டப்பட்டு ஏணியாகச் சுவரில் ஏறியது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, ஓர் அடையாளச் சின்னம். பிள்ளை தானே தன் அட்டையை எடுத்து வந்து, குழுவில் உட்கார்ந்து, தரையோரக் கரும்பலகையில் எழுதும். மதிப்பீடும் ஏணியிலேயே ஓர் அட்டைதான். தேறினால் அடுத்த படி, தேறாவிட்டால் வலுவூட்டும் அட்டை. விடுப்பெடுத்த பிள்ளை திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே தொடரலாம். சுவடி முடிந்தால் அடுத்த சுவடி என்ற பழைய விதி, மனப்பாடமும் பிரம்பும் நீங்கி, அட்டை வடிவில் திரும்பியதாகவே எனக்குப் படுகிறது. 2007-08இல் மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இது விரிந்தது. பல படிகளில் நிற்கும் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் கவனிக்க வேண்டிய சுமையை அந்த வேகம் போதுமான அளவு கணக்கில் கொள்ளவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபின், 2012-13இல் முப்பருவ முறையும் முழுமையான தொடர் மதிப்பீடும் வந்தன. பருவத்தின் இடையே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. ஏணியில் எண்ணாக இல்லாத மதிப்பீடு மீண்டும் எண்ணானது. ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்ற அறிவிப்பும் பின்னர் வந்தது; கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது.

பெருந்தொற்றுக்கால இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறது. பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று கண்டறிவது ஆசிரியர். அந்த மதிப்பீட்டைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்ற வேண்டியவரும் அவரே.