திருப்பூரில் இணையவழி அரசு சேவைகளும் திறந்த தரவும்

திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் அரசுப் பதிவேடுகள் இணையத்துக்கு மாறியது நிலம், வரி, தொழிலாளர், சாயக்கழிவு என்ற நான்கு வழிகளில் நடந்தது. அவரவர் பதிவை அவரவர் பார்க்கும் வசதி விரைந்து வளர்ந்தது. யாரும் மொத்தமாக எடுத்து ஆராயக்கூடிய திறந்த தரவு பின்தங்கி நிற்கிறது.

சட்டப் பின்னணி

இந்திய மாநிலங்களில் தகவல் பெறும் உரிமைக்கு முதலில் சட்டம் இயற்றியது தமிழ்நாடு (1997). நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும், தரவைக் கணினி படிக்கும் வடிவில் தரும் மத்திய அரசின் தளமும் வந்தன.

நிலம்

கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து திருப்பூர் மாவட்டம் 2009-இல் பிரிந்தது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து இணையத்தில் பார்க்கலாம். 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் புதிய தளம் தொடங்கியது. பனியன் கம்பெனிக்கு இடம் வாங்குபவர் வில்லங்கத்தை அதில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

வரி

இங்கே ஒரு பனியன் ஒரே கூரையின்கீழ் உருவாவது அரிது. நூல் நிட்டிங்குக்கும், துணி சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், தையலுக்கும் போகும். பல சமயம் ஒவ்வொன்றும் வேறு முதலாளியுடையது. துணிக்கட்டோடு டெம்போவில் ஏறும் 'டி.சி.' எனும் டெலிவரி சலான்தான் நெடுங்காலம் கணக்கு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபின், ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலி அடிப்படையிலான வேலைக்கு, வெளியே போன சரக்கும் திரும்பிய சரக்கும் ஐ.டி.சி.-04 என்ற இணையப் படிவத்தில் ஏறின. 2018 ஜூனில் மாநிலத்துக்குள் சரக்கு அனுப்பவும் இ-வே பில் என்ற இணையச் சீட்டு நடைமுறையானது. சரக்கின் மதிப்பு வரம்பு ஒரு லட்சம் ரூபாய், சில பொருள்களுக்கு விலக்கு. சிறு பட்டறைக்காரருக்கு இந்த வேலையைப் பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகமே செய்து தருகிறது.

தொழிலாளர்

கம்பெனி மாறினாலும் மாறாத 12 இலக்க வருங்கால வைப்புநிதி எண் 2014-இல் வந்தது. 2017 முதல் மத்திய அரசின் உமங் செயலியில் வைப்புநிதி பாஸ்புக்கைப் பார்க்க முடிகிறது. முதலாளி பணம் கட்டினாரா என்பதைத் தொழிலாளி தன் கைப்பேசியிலேயே தெரிந்துகொள்ளலாம். 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது; ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் சொந்த ஊர் அட்டையைக் கொண்டே இங்குள்ள கடைகளில் பொருள் வாங்க வழி பிறந்தது. வைப்புநிதி, இ.எஸ்.ஐ. இரண்டிலும் சேராதோருக்கான இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது.

சாயக்கழிவு

நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்டவை நின்றன. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பெரிதும் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவை இடைவிடாது அளக்கும் கருவி பொருத்தி, அளவுகளை இணையவழி மத்திய, மாநில வாரியங்களுக்கு அனுப்பப் பணித்தது.

நிறையும் குறையும்

தாலுகா ஆபீஸ் படிகளைப் பலமுறை ஏறி வாங்கியதை இப்போது வீட்டிலிருந்தோ இ-சேவை மையத்திலோ பெறலாம். ஆனால் நொய்யல் கரையில் ஒரு சர்வே எண்ணின் பட்டாவைக் காட்டும் தளம், அந்தக் கரை நெடுகிலும் எத்தனை ஏக்கர் கைமாறியது என்பதை ஒரே பட்டியலாகத் தருவதில்லை.