முத்துச் சிலாபமும் கலர் ஸ்லைடும்

முதலாண்டு சேர்ந்த புதிதில், எங்கள் துறை பீரோவின் மேல் தூசி படிந்த வட்டத் தட்டு ஒன்றைப் பார்த்தேன். என்னவென்று சீனியர் அண்ணனிடம் கேட்டேன். "அது ஸ்லைடு தட்டுப்பா. எண்பது படம் புடிக்கும். சார் பட்டனை அமுக்குனா டக்கு டக்குன்னு மாறுமாம்" என்றார்.

அந்தத் தட்டு சுழலும் கரௌசல் புரொஜக்டரைக் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1961-ல். நம் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சிலாபம் நடந்ததும் அதே 1961-ல்தான்! ஒன்று முடிந்த ஆண்டில் மற்றொன்று தொடங்கியது. இன்று இரண்டுமே பழங்கதை.

ஸ்லைடில் புகழ்பெற்றது 1935-ல் வந்த கோடாக்குரோம். கண்டுபிடித்த மான்னஸ், கோடௌஸ்கி இருவரும் இசைக்கலைஞர்கள் என்றால் நம்புவீர்களா? அந்தப் பிலிமில் வண்ணமே கிடையாது. கழுவும்போதுதான் மூன்று அடுக்குகளிலும் சாயம் ஏறும். அதனால் எல்லா லேபிலும் கழுவ முடியாது. பின்னால் வந்த எக்டாக்குரோம் வகையில் சாயத்துக்கான பொருள் பிலிமிலேயே இருந்ததால் வேலை சுலபமாயிற்று.

ஸ்லைடில் பிரிண்ட் போடும்போது சரிசெய்துகொள்ளும் பேச்சே இல்லை. கேமராவுக்குள் போன பிலிமே படம். நம்ம ஊர் உப்பளத்தை எடுத்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். வெள்ளை உப்பைப் பார்த்து மீட்டர் ஏமாந்துபோகும். அது சொன்னபடி எடுத்தால் உப்பு சாம்பலாகிவிடும்.

முதலில் மலிவான கலர் பிரிண்டும், பிறகு டிஜிட்டலும் ஸ்லைடை ஓரங்கட்டின. கரௌசல் உற்பத்தி 2004-ல் நின்றது, கோடாக்குரோம் 2009-ல். அதைக் கழுவிய கடைசி லேப் அமெரிக்காவின் கான்சாஸில் இருந்தது. 2010 டிசம்பர் 30-உடன் பிலிம் வாங்குவதை நிறுத்தியது. கடைசி ரோலை எடுத்த ஸ்டீவ் மெக்கரி, அதில் சில படங்களை இந்தியாவில் எடுத்தார். 'இந்து' பிலிம் தயாரித்த நம் ஊட்டி தொழிற்சாலையும் மூடப்பட்டது.

மீட்சியே இல்லையா? எக்டாக்குரோம் 2018-ல் திரும்பி வந்தது. இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1973-ல் சிப்பி வளர்த்து முத்தெடுத்தார்கள். ஆனால் பழைய சிலாபம் திரும்பவில்லை, கோடாக்குரோமும் திரும்பவில்லை.

சென்ற ஆண்டு அந்தப் பீரோவைத் திறந்தோம். தோணி, உப்பளம், 1974-ல் திறந்த புதுத் துறைமுகம் என நாற்பது ஸ்லைடுகள் இருந்தன. பாதியில் பூஞ்சை. உப்புக்காற்றில் இத்தனை வருஷம் போட்டுவைத்த தப்பு நம்முடையதுதான். தோணியில் நிற்பவர்கள் யாரென்று சொல்லக்கூடிய சார் இப்போது இல்லை.

எனவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ஸ்லைடு இருந்தால் தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். ஈரமில்லாத, இருட்டான இடத்தில் வையுங்கள். சீக்கிரம் ஸ்கேன் செய்துவிடுங்கள். முக்கியமாக, படத்தில் இருப்பது யார், எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். ஸ்கேனரை நாளைக்கும் வாங்கலாம். கேட்க ஆள் இருக்கவேண்டுமே!